மீண்டும் கையுறை மாட்ட எங்கே போவது?

சிங்கப்பூரில் குத்துச்சண்டையோ முவாய் தாயோ பழக இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது. தெலுக் ஆயர் கடைவீட்டின் மாடியில் ஒன்று, பேரங்காடியின் மூன்றாம் தளத்தில் ஒன்று, தொழிற்பேட்டைக் கட்டடத்தில் சரக்கு மின்தூக்கி ஏறிப் போனால் இன்னொன்று. புதிதாகச் சேருபவர்களை எல்லா இடத்திலும் வரவேற்பார்கள். போட்டிக்குத் தயாராகும் இளையர்களுக்கும் தனி வகுப்புகள் உண்டு.

இந்த இரண்டு கூட்டத்துக்கும் நடுவில் மூன்றாவது கூட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு காலத்தில் நன்றாகப் பழகி, பிறகு வேலை, கல்யாணம், பிள்ளை, காயம் என்று ஏதோ ஒன்றால் நிறுத்திவிட்டுத் திரும்பி வருகிறவர்கள். தொடக்கநிலை வகுப்பில் இவர்களுக்குச் சலிப்பு தட்டும். மேல்நிலை வகுப்பில் உடம்பு தாங்காது. எங்கே போவது என்ற கேள்வி இவர்களுக்குத்தான் பெரிது.

நானும் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவள்தான். பல்கலைக்கழக நாளில் தொடங்கிய முவாய் தாயை என் மகள் வயிற்றில் இருந்தபோது நிறுத்தினேன். அவளுக்கு இப்போது நான்கு வயது. ஐந்து ஆண்டு இடைவெளி. தசையைவிட எனக்குப் பெரிய கவலை தாடையைப் பற்றித்தான். காலை ஆறு மணிக்கு ஒலிவாங்கி முன்னால் உட்கார்ந்து ழகரம் பிசகாமல் பேசினால்தான் எனக்குச் சம்பளம். அதனால் இந்த ஆண்டு சில மாதங்கள் ஒவ்வோர் இடமாகப் போய்ப் பார்த்தேன். சிங்கப்பூருக்குள் நான்கு, தாய்லாந்தில் ஒன்று.

போவதற்கு முன் மருத்துவரிடமும் உடலியக்க சிகிச்சையாளரிடமும் காட்டினேன். பிள்ளை பெற்றவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது. வயிற்றுத் தசையும் இடுப்புத் தளமும் எந்த அளவுக்குத் தேறியிருக்கின்றன என்பது வெளியில் தெரியாது. சிகிச்சையாளர் சொன்ன ஒன்று மனத்தில் நின்றது. இடைவெளிக்குப் பிறகு அடிக்கும் முறை சீக்கிரமே திரும்பி வந்துவிடும், மூச்சும் சில வாரங்களில் வந்துவிடும், தசைநார்களும் மூட்டுகளும்தான் மெதுவாக வரும். கை பழைய வேகத்தில் வீசும். அந்த வேகத்தைத் தாங்க மணிக்கட்டு தயாராக இருக்காது. திரும்பி வருகிறவர்கள் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான்.

ஃபேரர் பார்க்கில் ஒரு காலை

முதலில் சிராங்கூன் சாலைப் பக்கம் போனேன். சண்டை விளையாட்டுக்கு நம் ஊரில் பழைய முகவரி என்றால் இந்த வட்டாரம்தான். இப்போது சிட்டி ஸ்குவேர் பேரங்காடி நிற்கும் இடத்தில் அந்தக் காலத்தில் நியூ வோர்ல்ட் கேளிக்கைப் பூங்கா இருந்தது. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் அங்கே கூட்டம் கூட்டின. கிங் காங், தாரா சிங் என்று பேரைச் சொன்னால் கண் விரியும் தாத்தாக்கள் தேக்காவில் இன்னமும் இருக்கிறார்கள்.

பக்கத்தில் ஃபேரர் பார்க் திடல். 1843 முதல் அங்கே குதிரைப் பந்தயம் நடந்ததால்தான் ரேஸ் கோர்ஸ் சாலைக்கு அந்தப் பெயர். சிங்கப்பூரில் முதல் விமானம் பறந்ததும் 1911இல் அந்தத் திடலிலிருந்துதான். 1942 பிப்ரவரி 17ஆம் தேதி இந்தியப் போர்வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டதும் அங்கேதான். பின்னாளில் அந்த வட்டாரத்தில் ஒரு குத்துச்சண்டைக் கூடமும் இருந்தது. புதிய வீவக வீடுகள் வரும்போதும் அந்தப் பழைய கூடத்தைக் காத்து வைப்பது திட்டத்தில் இருக்கிறது.

நம் குத்துச்சண்டை என்றால் சையத் அப்துல் காதிரைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் சிங்கப்பூருக்காக வளையத்தில் இறங்கியவர். 1974 கிறைஸ்ட்சர்ச் காமன்வெல்த் விளையாட்டில் வெண்கலம் வென்றவர். பிறகு பயிற்சியாளராகப் பல தலைமுறை மாணவர்களை உருவாக்கினார்.

நான் ஒரு வகுப்பு எடுத்துக்கொண்டது அந்த வட்டாரத்துச் சிறிய குத்துச்சண்டைக் கூடம் ஒன்றில். கண்ணாடிச் சுவர் கிடையாது, குளிரூட்டி கிடையாது. இரண்டு மின்விசிறி, ஆறு மணல்பை. பயிற்சியாளருக்கு அறுபது வயது இருக்கும். மூன்று சுற்று கயிறு தாண்டச் சொல்லிவிட்டு என் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். “பின்குதிகால் தரையில ஒட்டுது,” என்றார். ஐந்து ஆண்டாக யாரும் என் குதிகாலைக் கவனித்ததில்லை. மகிழ்ச்சியாக இருந்தது.

ஆனால் அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் பதினெட்டு, இருபது வயதுப் பையன்கள். மாலை ஏழரைக்கு வகுப்பு, முடிய ஒன்பதரை. அதிகாலை நான்கு மணிக்கு எழும் எனக்கு அது நடுநிசி. இடம் அருமைதான். என் வாழ்க்கையின் நேரமும் அதன் நேரமும் ஒத்துப்போகவில்லை.

மதிய உணவு வேளையில்

அடுத்தது நகர மையம். மதியம் பன்னிரண்டேகால் வகுப்பு, நாற்பத்தைந்து நிமிடம். ராஃபிள்ஸ் பிளேஸ் அலுவலகங்களிலிருந்து சட்டையை மாற்றிக்கொண்டு ஓடி வருகிறார்கள். வரிசையாகத் தொங்கும் பைகள், இருட்டு, நிறவிளக்கு, காது அதிரும் இசை, பிறகு நல்ல குளியலறை. இடத்துக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது.

இங்கே எதிராளி கிடையாது. பையைத்தான் அடிக்க வேண்டும். தலையில் அடி விழாது என்பது எனக்கு நிம்மதி. வியர்க்க வேண்டும், மன அழுத்தம் குறைய வேண்டும் என்று வருகிறவர்களுக்கு இது நல்ல இடம். ஆனால் இருபதுக்கும் மேற்பட்டவர்களுக்கு ஒரே பயிற்சியாளர். என் இடது மணிக்கட்டு ஒவ்வொரு குத்திலும் உள்ளே மடங்கியதை அவர் பார்க்க வழியில்லை. புதியவர் என்றால் மெதுவாக அடிப்பார், மடங்கினாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது. பழைய பலத்தோடு அடிக்கிறவர்களுக்கு மணிக்கட்டைப் பார்க்க ஒரு கண் வேண்டும்.

வெளியே வரும்போது வரவேற்பறையில் ஓர் ஆண்டுச் சந்தாவுக்கு ‘இன்றைக்கு மட்டும்’ என்று தள்ளுபடி சொன்னார்கள். இது எல்லா இடத்திலும் நடப்பதுதான். திரும்பி வருகிறவர்கள் முதல் மாதத்தில் நீண்ட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் இருப்பது நல்லது. மூன்றாவது வாரத்தில் முழங்கால் என்ன சொல்லும் என்பது முதல் நாளில் தெரியாது. உடற்பயிற்சிக் கூடங்களுக்குப் பெருந்தொகையை முன்கூட்டியே கட்டுவது பற்றிப் பயனீட்டாளர் சங்கமான ‘கேஸ்’ பலமுறை எச்சரித்திருக்கிறது. பத்து வகுப்புத் தொகுப்பு கிடைத்தால் அதிலிருந்து தொடங்கலாம்.

தாடை பேசிய நாள்

மூன்றாவது கூடத்தின் பெயரோ இடமோ இங்கே தேவையில்லை. நடந்ததை மட்டும் சொல்கிறேன். சுவர் முழுக்கப் பதக்கங்களும் இடைவார்களும். பதிவுப் படிவத்தில் ‘ஐந்து ஆண்டு இடைவெளி, முதல் நாள், தலையில் அடி வேண்டாம்’ என்று எழுதிக் கொடுத்தேன். வாயாலும் சொன்னேன். ‘ஓகே, ஓகே’ என்றார்கள். வகுப்பின் கடைசி இருபது நிமிடம் ஸ்பாரிங். “நீங்க முன்னாடி பழகினவங்கதானே, சும்மா இறங்குங்க,” என்று என்னைவிட இருபது கிலோ கூடுதலான ஒருவரோடு சேர்த்துவிட்டார்கள். நான் வளையத்தை விட்டு வெளியே வர நகர்ந்தபோதே அவருடைய வலக்கை தாடையில் விழுந்தது.

எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. மருத்துவர் பார்த்துவிட்டு, தலைசுற்றலோ வாந்தியோ இருக்கிறதா என்று கேட்டு, ஓய்வெடுக்கச் சொன்னார். மறுநாள் காலை வாயை இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்க முடியவில்லை. சக அறிவிப்பாளர் எனக்காக நிகழ்ச்சியை நடத்தினார். வீட்டில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. ரசம் சோற்றைக் குழைத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விட்டார். அது திட்டியதைவிடப் பெரிதாக இருந்தது.

அந்த வாரம் முழுக்க யோசித்தேன். விட்டுவிடலாமா? என் வேலைக்கு இது தேவையா? விடவில்லை. ஆனால் என் கேள்வி மாறியது. அதுவரை ‘யார் நல்ல பயிற்சியாளர்? எங்கே வீரர்கள் உருவாகிறார்கள்?’ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இனிமேல் ‘இங்கே வேகத்தை யார் தீர்மானிக்கிறார்கள்?’ என்று பார்க்க வேண்டும். அதற்கான விடை எனக்குக் கடல் தாண்டித்தான் தெளிவாகக் கிடைத்தது.

சலோங்கில் ஆறு நாள்

புக்கெட்டுக்குச் சாங்கியிலிருந்து இரண்டு மணி நேரம்கூட ஆகாது. தீவின் தெற்கில் சலோங் வட்டாரத்தில் சோய் தா-இயாட் என்று ஒரு தெரு. டைகர் முவாய் தாய் போன்ற பெரிய முகாம்களும் சிறிய முகாம்களும் அந்த ஒரே தெருவில் வரிசையாக இருக்கின்றன. நடுவில் சலவைக் கடை, பழச்சாற்றுக் கடை, முட்டை வெள்ளைக்கருவைத் தனி விலைக்கு விற்கும் உணவகம், கையுறைக் கடை, உடம்பு பிடித்துவிடும் இடம். தெருவில் நடப்பவர்களில் பாதிப் பேர் நொண்டுகிறார்கள். அண்ணாந்து பார்த்தால் நாக்கர்ட் குன்றின் மேல் 45 மீட்டர் உயர வெள்ளைப் புத்தர் அமைதியாக உட்கார்ந்திருக்கிறார்.

கணவரும் மகளும் உடன் வந்தார்கள். நான் பயிற்சிக்குப் போகும்போது அவர்கள் நாய் ஹார்ன் கடற்கரைக்குப் போனார்கள். குடும்பத்தோடு போக நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: முகாம்களில் காலையும் மாலையும் இரண்டு வேளைப் பயிற்சி உண்டு. திரும்பி வருகிறவர்களுக்கு ஒரு வேளை போதும். மற்ற வேளை குடும்பத்துக்கு.

முதல் நாள் பயிற்சியாளர் என்னிடம் எத்தனை ஆண்டு பழக்கம் என்று கேட்கவில்லை. என் காலைத் தொட்டுப் பார்த்தார். மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். “எங்கே வலிக்கும்?” என்று கேட்டார். தாடையைக் காட்டினேன். சிரித்துவிட்டுத் தன் கையுறையை என் நெற்றியில் மெல்ல ஒற்றி, “சபாய், சபாய்,” என்றார். நிதானம், நிதானம். மூன்று நிமிடச் சுற்றுகள் நான்கு பிடித்தார். நான் வேகமெடுத்த ஒவ்வொரு முறையும் பேடைக் கீழே இறக்கிவிட்டார். வேகம் குறைந்த பிறகுதான் திரும்பத் தூக்கினார்.

ஸ்பாரிங் பார்த்தபோதுதான் வியந்தேன். உண்மையான போட்டிகளில் மோதும் தாய்லாந்து இளையர்கள் பயிற்சியில் ஒருவரையொருவர் தொட்டுத் தொட்டு விளையாடுகிறார்கள். உதை வரும், விலாவில் பட்டும் படாமலும் நின்றுவிடும். அடுத்த வாரம் மேடை ஏற வேண்டியவருக்குப் பயிற்சியில் காயம் பட்டால் பிழைப்பு போய்விடும். உடம்புதான் சம்பளம் என்பது எனக்கும் அவர்களுக்கும் பொதுவான விஷயம்.

அங்கே பயிற்சியாளரை ‘க்ரூ’ என்கிறார்கள். நம் ‘குரு’தான் அது. போட்டிக்கு முன் ‘வாய் க்ரூ’ என்று குருவணக்கம் செய்து ஆடுகிறார்கள். அப்போது ஒலிக்கும் ஊதுகருவியைக் கேட்டதும் என் மகள், “கோயில்ல வாசிக்கிற மாதிரி இருக்கும்மா,” என்றாள். ஏறக்குறைய நாதசுவரத்தின் தூரத்து உறவு மாதிரிதான் இருக்கிறது.

எல்லாம் இனிப்பில்லை. பல இடங்களில் ஆண்கள் மேல்கயிற்றைத் தாண்டி வளையத்துக்குள் போகும்போது பெண்கள் கீழ்க்கயிற்றின் அடியில் நுழைய வேண்டும் என்பது பழைய வழக்கம். பாங்காக்கின் புகழ்பெற்ற லும்பினி அரங்கில் பெண்கள் மோதியதே 2021இல்தான் முதல்முறை. ஒலிம்பிக்கிலும் பெண்கள் குத்துச்சண்டை 2012இல்தான் வந்தது. கதவு திறந்து அதிக நாள் ஆகவில்லை.

ஆனால் பிள்ளை பெற்றபின் அந்தக் கதவு வழியாக நடந்தவர்கள் இருக்கிறார்கள். மேரி கோம் 2007இல் இரட்டைக் குழந்தைகளைப் பெற்று, 2008இல் மீண்டும் உலக வெற்றியாளரானார். 2021இல் மகளைப் பெற்ற ஏஞ்சலா லீ, 2022 மார்ச்சில் நம் உள்ளரங்கத்திலேயே மோதித் தன் பட்டத்தைக் காத்துக்கொண்டார். அவர்களைச் சுற்றி முழுநேரப் பயிற்சிக் குழு இருந்தது. நமக்கு அலுவலகமும் பாலர் பள்ளியும் இருக்கின்றன. அவர்களுடைய துணிவை எடுத்துக்கொள்ளலாம். கால அட்டவணையை எடுத்துக்கொள்ள முடியாது.

முவாய் தாய் பழகுவதற்காகவே நீண்ட காலம் தங்க விரும்புவோர் விண்ணப்பிக்கத்தக்க ஐந்தாண்டு விசாவைத் தாய்லாந்து 2024 ஜூலையில் அறிமுகப்படுத்தியது. வேலையை விட்டுவிட்டுப் போய்விடலாமா என்று இளையர்களுக்குத் தோன்றும். எனக்கும் ஆறாவது நாள் தோன்றியது. ஆனால் திரும்பி வருவது என்பது ஆறு நாள் காரியமில்லை, ஆறு மாதக் காரியம். அந்த ஆறு மாதமும் வீட்டிலிருந்து எட்டும் தூரத்தில் நடந்தாக வேண்டும். புக்கெட்டிலிருந்து நான் கொண்டுவந்தது ஓர் அளவுகோல்தான்.

அளவுகோலோடு தேடியபோது

இப்போது எந்த இடத்துக்குப் போனாலும் முதலில் சேர்வதில்லை. ஓரமாக உட்கார்ந்து வகுப்பின் கடைசி இருபது நிமிடத்தைப் பார்க்க அனுமதி கேட்கிறேன். பார்க்கவே விடாத இடத்திலிருந்து நன்றி சொல்லி வந்துவிடலாம். விட்டால் நான்கு விஷயங்களைக் கவனிக்கலாம்.

யாரோடு யார் மோதுவது என்பதைப் பயிற்சியாளர் முடிவு செய்கிறாரா, மாணவர்களே பிடித்துக்கொள்கிறார்களா? சூடு ஏறும்போது யாராவது ‘நிறுத்து’ என்கிறார்களா? தோற்றுக்கொண்டிருப்பவர் சிரிக்கிறாரா, பயந்திருக்கிறாரா? ‘இன்றைக்கு ஸ்பாரிங் வேண்டாம்’ என்று சொல்லி ஒதுங்கி நிற்பவர் ஒருவராவது இருக்கிறாரா, அவரை மற்றவர்கள் எப்படி நடத்துகிறார்கள்? இந்த நாலாவதுதான் எனக்கு முக்கியம். ‘வேண்டாம்’ என்று சொல்ல இடமில்லாத கூடத்தில் திரும்பி வருகிறவருக்கும் இடமில்லை.

அதற்குமேல் சில சின்ன விஷயங்கள். தரைவிரிப்பைத் தினமும் கழுவுகிறார்களா? இல்லாவிட்டால் படர்தாமரையோடு வீடு திரும்ப வேண்டிவரும். இரவல் கையுறை காய்ந்திருக்கிறதா? வாய்க்காப்பு போடாதவர்களை ஸ்பாரிங்கில் விடுகிறார்களா? வீட்டிலிருந்து எத்தனை நிமிடம்? அரை மணிக்கு மேல் என்றால் மூன்றாவது மாதத்தில் சாக்குச் சொல்லத் தொடங்கிவிடுவோம்.

இந்த அளவுகோலில் தேறிய இடம் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி இருந்தது. காப்பிக்கடைக்கு மேலே ஒரே ஒரு அறை. பயிற்சியாளர் மலாய்க்காரர், ஐம்பது வயதைத் தாண்டியவர். பகல் பதினொரு மணிக்கு ஒரு வகுப்பு வைத்திருக்கிறார். எனக்கு நிகழ்ச்சி முடிந்து வர அது சரியான நேரம். வருகிறவர்கள் ஒன்பது பேர். இரவு வேலை முடித்த தாதி, உணவு விநியோக ஓட்டுநர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், இரண்டு இல்லத்தரசிகள். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. வந்ததும் அன்றைக்கு வலிக்கும் இடத்தைப் பெயருக்கு எதிரே எழுத வேண்டும். ‘முழங்கால்’, ‘தோள்’, ‘தூக்கமில்லை’. என் பெயருக்கு எதிரே நிரந்தரமாகத் ‘தாடை’.

முதல் பத்து வாரம் ஸ்பாரிங் கிடையாது என்றார். கயிறு, நிழல்குத்து, பேட், பை. பதினோராவது வாரம் தாதியோடு சேர்த்துவிட்டார். கழுத்துக்குக் கீழே மட்டும், பத்தில் மூன்று பங்கு பலம். நாங்கள் இருவரும் ஒரு சுற்று முடிவதற்குள் மூச்சிரைத்து, சிரித்து, கட்டிக்கொண்டோம். இங்கே யாரும் இடைவார் வென்றதில்லை. எல்லாரும் அடுத்த வகுப்புக்கு வந்துவிடுகிறார்கள்.

போன வாரம் கீழே ஈரச்சந்தையில் மீன் வாங்க வந்த அம்மா, தள்ளுவண்டியைப் படிக்கட்டில் சாத்திவிட்டு மேலே ஏறி வந்தார். வாசலில் போட்டிருந்த பெஞ்சில் உட்கார்ந்து, பையை மடியில் வைத்துக்கொண்டு, முழு வகுப்பையும் பார்த்தார். முடிந்ததும் நேராகப் பயிற்சியாளரிடம் போய்த் தன் சந்தை மலாயில், “முக்கா ஜாங்ஙான் புக்குல், யா,” என்றார். முகத்தில் அடிக்காதீர்கள் என்று. பிறகு தமிழில் சேர்த்துக்கொண்டார்: “அவளுக்கு ரேடியோல வேலை.”

“பாயேக், மக்சிக்,” என்று பயிற்சியாளர் தலையாட்டினார். வெள்ளைப் பலகையில் என் பெயருக்கு எதிரே இருந்த ‘தாடை’யின் கீழ் இன்னொரு கோடு இழுத்தார்.